இருமாமல் ஊதுங்கள்

தடாலென்று ஒரு சத்தம். தொலி உரிக்கிற மெஷினின் இரைச்சலையும் தாண்டி அது களம் வரைக்கும் கேட்டது. வெயிலில் பரப்பியிருந்த காப்பிக் காய்களைப் பலகையால் தள்ளிக்கொண்டிருந்த கவிதா, பலகையை அப்படியே போட்டுவிட்டுக் குடோனுக்கு ஓடினாள்.

உள்ளே கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. காய்ந்த தொலி மாவாகிப் பறந்து, மேலே எரிந்த பல்பையே மஞ்சள் புள்ளியாக்கி வைத்திருந்தது. அந்தப் புழுதிக்கு நடுவே அவளுடைய அண்ணி பாப்பாத்தி, தொலி அள்ளும் தகரக் கூடையின் மேலேயே சரிந்து கிடந்தாள். வாய் திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. ஆனால் காற்று உள்ளே போவதாகத் தெரியவில்லை.

"மெஷினை நிறுத்துங்க" என்று கவிதா கத்தினாள்.

மெஷின் ஓட்டும் சின்னராஜ் காதில் பஞ்சு அடைத்திருந்தான். அவள் ஒரு காய்ந்த காயை எடுத்து அவன் முதுகில் எறிந்த பிறகுதான் திரும்பினான். இரண்டு பேருமாகப் பாப்பாத்தியைத் தூக்கி வந்து களத்தோரம் சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார வைத்தார்கள். அங்கே வந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. இருமல் என்றால் சாதாரண இருமல் இல்லை. குடலே வாய் வழியாக வந்துவிடுமோ என்று பார்ப்பவர்களைப் பயமுறுத்துகிற இருமல். உதடுகள் நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தன.

ரைட்டர் மரியதாஸ் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. எஸ்டேட்டில் யார் எங்கே வேலை செய்வது, யார் நாளைக்கு வரலாம், யார் வரக்கூடாது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும்.

"என்ன, மறுபடியுமா?"

"மூச்சே நின்னுபோற மாதிரி ஆயிருச்சுங்க, ரைட்டரய்யா."

"பனி ஒத்துக்கலைம்மா அதுக்கு. தை பொறந்தாலே இப்படித்தான். ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சுக்குத்தண்ணி வெச்சுக் குடு."

பனி. இந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே கவிதாவுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். கரடியூரில் பிறந்து, கரடியூரிலேயே வாழ்க்கைப்பட்டு, பனிக்குள்ளேயே ஆடு மேய்த்து நாற்பது வயதைத் தாண்டிய அண்ணிக்குப் பனி ஒத்துக்கவில்லையாம். குளத்து மீனுக்குத் தண்ணீர் சேரவில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். மலைக்காரிக்குப் பனி சேரவில்லை என்று சொன்னால் மட்டும் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆஸ்பத்திரியில் சளியை எடுத்துப் பார்த்து டி.பி. இல்லை என்றார்கள். இல்லாத வியாதியைச் சொன்னவர்கள் இருக்கிற வியாதியைச் சொல்லவில்லை. ஒண்டிக்கடை ஜங்ஷனில் இருந்த மருந்துக்கடைக்காரர் இனிப்பாக ஒரு பாட்டில் கொடுத்தார். நெஞ்சு டாக்டரைப் பார்க்கவென்று அண்ணன் மாதேஸ்வரன் அவளைச் சேலத்துக்கு அழைத்துப் போனான். பஸ் இறங்கி, வழி கேட்டு, கட்டடம் கண்டுபிடிப்பதற்குள் அன்றைக்கான டோக்கன் தீர்ந்திருந்தது. மறுபடி போனபோதும் அதே கதைதான்.

"அப்புறம் ஒண்ணு" என்றார் மரியதாஸ், குரலைத் தணித்து. "பின்பக்க வழியாக் கூட்டிட்டுப் போ. முன்னால வண்டி வருது."

"எந்த வண்டிங்க?"

"அது உனக்கெதுக்கு?"

அவர் சொல்லாவிட்டால் என்ன, வண்டியே சொல்லிவிட்டது. கொட்டச்சேடு வளைவில் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு வெள்ளை வேன் எஸ்டேட் கேட்டுக்குள் நுழைந்தது. பக்கவாட்டில் பெரிய பேனர். 'காப்பித் தோட்ட மக்களின் நுரையீரல் நலம். எல்லாத் தரப்பினரும் பங்குபெறும் ஆய்வு.'

போன வாரமே இதைப்பற்றிப் பேச்சு அடிபட்டிருந்தது. சேலத்திலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போகிறதாம். மூச்சை ஊதச் சொல்லிப் பார்ப்பார்களாம். கோளாறு இருந்தால் அவர்களே சேலத்துக்கு அழைத்துப் போய், பெரிய நெஞ்சு டாக்டரிடம் காட்டி வைத்தியம் பார்ப்பார்களாம். டோக்கனும் இல்லை, அலைச்சலும் இல்லை. கவிதா அந்த வண்டியைத்தான் ஒரு வாரமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அது வருகிற நேரம் பார்த்து அண்ணியைப் பின்பக்கமாகக் கடத்தச் சொல்கிறார் ரைட்டர்.

"நாங்க எஸ்டேட் ஆளு இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"நீங்க சீசனுக்கு வந்துட்டுப் போறவங்க. தோட்டத்துத் தொழிலாளிங்களைத்தான் அனுப்பச் சொல்லியிருக்காங்க. பெர்மனென்ட் ஆளுங்க."

"பெர்மனென்ட் ஆளுங்க யாராச்சும் இந்தக் குடோனுக்குள்ள வந்து பாத்திருக்கீங்களா?"

"அது அவங்க வேலை இல்லை."

"அதத்தானுங்க நானும் சொல்றேன்."

மரியதாஸுக்குச் சுருக்கென்றது. "கவிதா, வாய் நொம்ப நீளுது. மேனேஜர் காதுக்குப் போச்சுன்னா நாளையிலிருந்து உனக்கும் வேலை இல்லை, உங்க அண்ணிக்கும் வேலை இல்லை. போ" என்று சொல்லிவிட்டு வேனை வரவேற்க வேகமாக நடந்தார். நடக்கும்போதே முகத்தில் சிரிப்பை மாட்டிக்கொண்டார்.

கவிதா பின்பக்க வழியைப் பார்த்தாள். மிளகுக் கொடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை ஈரமாகக் கிடந்தது. அதில் இறங்கினால் கரடியூர் போகிற மண்ரோடு. அண்ணியால் அதுவரைக்கும் நடக்க முடியுமா என்பதே சந்தேகம். முன்பக்கம் வேன், நடந்தால் கூப்பிடு தூரம்.

"எந்திரிங்க அண்ணி. அந்தப் பக்கம் போலாம்."

"அவரு வேண்டாம்னாரே கண்ணு" என்றாள் பாப்பாத்தி, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு எடுத்து.

"அவரு உங்களுக்காக மூச்சு உடறாரா? எந்திரிங்க."

காலையில் வேலையாட்களைப் பேர் கூப்பிடும் கொட்டகைக்கு முன்னால் ஒரு திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. பங்களாத் தோட்டக்காரர்கள், சமையல்காரர், காவல்காரர் லாசர், ஆபீஸ் பையைத் தூக்குபவர் என்று வரிசையாக நின்றார்கள். எல்லோரும் குளித்து எண்ணெய் தடவி, கோயிலுக்குக் கிளம்பியவர்கள் மாதிரி இருந்தார்கள். வேனின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு லேப்டாப், ஒரு குழாய். ஆசிர் என்ற டெக்னீசியன், லாசர் மூக்கில் கிளிப்பை மாட்டிவிட்டு உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தான்.

"இழுங்க, நல்லா இழுங்க. இப்ப ஊதுங்க. ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க, இன்னும், இன்னும், இன்னும். சூப்பர்."

லேப்டாப்பில் பச்சை டிக் விழுந்தது. லாசர் கிளிப்பைக் கழற்றிவிட்டு வரிசையைப் பெருமையாகப் பார்த்தார். "அந்தக் காலத்துல சர்ச்சுல கிளாரினெட் வாசிச்சவன்டா நான். பாத்து ஊதுங்க, மெஷின் ஒடஞ்சிரப் போகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வேன் அருகே, கண்ணாடி போட்ட ஒரு பெண் டாக்டர் மரியதாஸோடு பேசிக்கொண்டிருந்தாள். பெயர் ஈவ்லின் என்று கோட்டில் எழுதியிருந்தது. முப்பது வயதுகூட இருக்காது. மலையேறிய களைப்பு முகத்தில் தெரிந்தது.

"நல்ல ஆரோக்கியமா இருக்காங்க உங்க ஆளுங்க" என்றாள்.

"நம்ம எஸ்டேட் அப்படிங்க மேடம். நல்ல காத்து" என்றார் மரியதாஸ்.

அந்த நல்ல காற்றைக் கிழித்துக்கொண்டு பாப்பாத்தியின் இருமல் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். கவிதாவின் தோளில் தொங்கியபடி, தலைமுதல் கால்வரை பழுப்புத் தூசி படிந்து, பாப்பாத்தி ஏதோ மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தவள் மாதிரி நின்றாள்.

"யார் இவங்க?" என்று டாக்டர் கேட்டாள்.

"வெளியாளுங்க மேடம். சும்மா வந்துட்டுப் போறவங்க. ஏ கவிதா, என்ன சொன்னேன் உங்கிட்ட?"

"டாக்டரம்மா, நான் சொல்றதைக் கேளுங்க" என்றாள் கவிதா. "நாலு சீசனா இதே எஸ்டேட்டு, இதே குடோன். தொலி உரிக்கிற தூசி பூராவும் எங்க அண்ணி நெஞ்சுக்குள்ள இருக்குது. இந்த லாசரண்ணன் கேட்டுல நாற்காலி போட்டு உக்காந்திருக்கறவரு. அவரு மூச்சைப் பாத்து என்ன கண்டுபுடிக்கப் போறீங்க? நாற்காலி நல்லாயிருக்குதான்னா?"

லாசர் வேறு பக்கம் பார்த்தார்.

டாக்டர் மரியதாஸைப் பார்த்தாள். "மெஷின் பக்கத்துல வேலை செய்யறவங்களை முதல்ல அனுப்பச் சொல்லியிருந்தேனே."

"அவங்க எஸ்டேட் ஆளே இல்லீங்களே மேடம். நீங்க எஸ்டேட் ஆளுங்கன்னுதானே சொன்னீங்க?"

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கவிதாவுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். கம்பளி பங்கிடும்போது, பொங்கலுக்குத் துணி கொடுக்கும்போது, கணக்கெடுக்க யாராவது வரும்போது, கரடியூர் ஆட்கள் எஸ்டேட்டைச் சேர்ந்தவர்கள் இல்லை. காய் பறிக்கவும் குடோன் கூட்டவும் மட்டும்தான் சேர்ந்தவர்கள். பல வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி, அவருக்கே அது இயற்கை விதி மாதிரி ஆகிவிட்டது.

"உள்ள வாங்க அக்கா" என்றாள் டாக்டர்.

மரியதாஸ் கவிதாவின் காதருகே வந்தார். "நாளைக்கு இந்தக் கேட்டுக்குள்ள கால் வெச்சுப் பாரு."

"வெக்கலைங்க. நாளைக்கு நீங்களே கூடை புடிச்சுக்கங்க" என்றாள் கவிதா.

பாப்பாத்தியை வேனுக்குள் உட்கார வைத்தார்கள். மூக்கில் கிளிப் போட்டார்கள். வாயில் குழாயைக் கொடுத்தார்கள். கவிதாவுக்கு அப்போதுதான் கொஞ்சம் நிம்மதி வந்தது. இனிமேல் மெஷின் சொல்லட்டும். பனியா, தூசியா, எதுவானாலும் எழுத்தில் வரட்டும்.

"இழுங்க அக்கா. நல்லா இழுத்து ஒரே மூச்சா ஊதுங்க. இருமாம ஊதணும்" என்றான் ஆசிர்.

பாப்பாத்தி இழுத்தாள். பாதி இழுப்பிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. லேப்டாப்பில் ஒரு கோடு கோணலும் மாணலுமாக ஓடி, சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. ஆசிர் ஒரு பட்டனைத் தட்டினான். கோடு மறைந்தது.

"பரவாயில்லை. தண்ணி குடிச்சிட்டு மறுபடி."

மறுபடி ஊதினாள். மறுபடி இருமல், சிவப்பு, பட்டன். அடுத்த முறை இழுத்தது போதவில்லை. அதற்கடுத்த முறை ஊதத் தொடங்கியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் உயிரைப் பிடித்து ஊதியதை ஆசிர் ஒரு விரலால் அழித்துக்கொண்டே வந்தான். கடைசியில் கிளிப்பைக் கழற்றி டப்பாவில் போட்டான்.

"இதுக்கு மேல ஊத விடக் கூடாதுங்க. இவங்களைச் சேர்க்க முடியாது."

"ஏனுங்க சேர்க்க முடியாது?"

"சரியா ஊதலை. இருமினா கணக்குல வராது. ரூல் அப்படி."

கவிதாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது, தப்பாக. மரியதாஸ் இந்தப் பையனிடம் ஏதோ சொல்லி வைத்திருக்கிறார். மெஷினில் ஏதோ திருகி வைத்திருக்கிறார்கள். கரடியூர்க்காரிக்கு மட்டும் சிவப்பு விழுகிற மாதிரி.

"குடுங்க அதை இப்படி."

"என்னக்கா பண்றீங்க, குழாயை மாத்தணும்."

"மாத்திக் குடுங்க. நானும் வெளியாளுதான். எனக்கு என்ன விழுதுன்னு பாக்கறேன்."

டாக்டர் தலையசைத்ததும் ஆசிர் புதுக் குழாய் மாட்டிக் கொடுத்தான். கவிதா மூச்சை இழுத்தாள். ரைட்டர் மீதும், மேனேஜர் மீதும், சேலத்து டோக்கன் மீதும், பனி என்று சொன்ன ஒவ்வொரு வாயின் மீதும் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து ஊதினாள். கோடு மலை மாதிரி எழும்பி அழகாக இறங்கியது. பச்சை டிக் விழுந்தது.

"சூப்பர்க்கா" என்றான் ஆசிர், நிஜமான சந்தோஷத்தோடு. "இன்னும் ரெண்டு இதே மாதிரி ஊதுங்க. உங்களைச் சேர்த்துக்கலாம்."

அதைவிட அவளை அவன் அறைந்திருக்கலாம்.

மெஷினில் திருகு ஒன்றும் இல்லை. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. களத்தில் காற்றோட்டமாக நிற்கிற அவள் கணக்கில் வருகிறாள். குடோனுக்குள் மூச்சைத் தொலைத்த அண்ணி வரவில்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் பிடிப்பதற்கு யாரும் இல்லை. ஒரு நல்ல பையன் இருந்தான். ஒரு டாக்டர் இருந்தாள். ஒரு ரூல் இருந்தது.

"எனக்கு எதுக்குங்க இந்தப் பச்சை?" என்றாள். "நான்தான் நல்லாயிருக்கறனே. ஊதத் தெரிஞ்சவங்களை எல்லாம் ஊதச் சொல்லி, நல்லாயிருக்கீங்கன்னு சொல்லிட்டுப் போகவா இத்தனை வளைவு ஏறி வந்தீங்க?"

"அப்படி இல்லை அக்கா" என்று டாக்டர் ஆரம்பித்தாள். "ஒரு ஊதல் சரியா இருந்தாதான் அதை நம்ப முடியும். பாதியில நின்னா, நுரையீரல் சரியில்லையா, இல்லை ஊதினதே சரியில்லையான்னு எங்களால சொல்ல முடியாது. அதனாலதான்..."

"இவங்களைப் பாத்தா உங்களுக்குச் சொல்ல முடியலீங்களா?"

டாக்டர் பாப்பாத்தியைப் பார்த்தாள். லேப்டாப்பை விட்டுவிட்டு, அன்று காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு ஆளை நேராகப் பார்த்தாள் என்று கவிதாவுக்குத் தோன்றியது. தோளை முன்னால் தள்ளி, கழுத்து நரம்பு புடைக்க, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, பாப்பாத்தி அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து முதுகில் வைத்தாள். இடம் மாற்றி மாற்றி வைத்தாள். விரலில் ஒரு கிளிப்பைப் போட்டுப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"போன சீசன்ல இருந்து. பனின்னாங்க" என்றாள் கவிதா.

"யார் சொன்னது பனின்னு?"

"யாரு சொல்லலைன்னு கேளுங்க."

டாக்டர் ஒரு பெட்டியைத் திறந்து நீல நிற பம்பை எடுத்தாள். அதை ஒரு பிளாஸ்டிக் குடுவையில் செருகிப் பாப்பாத்தியின் வாயில் வைத்து, மெதுவாக இழுக்கச் சொன்னாள். கொஞ்சம் விட்டு மறுபடி. கொட்டகையின் முன்னால் வரிசை கலைந்து, எல்லோரும் வேன் கதவருகே வந்து நின்றார்கள். யாரும் ஜோக் அடிக்கவில்லை. நேரம் போகப் போகப் பாப்பாத்தியின் தோள் கொஞ்சம் இறங்கியது. முதுகைச் சாய்த்தாள்.

"என்னமோ கதவைத் தொறந்துவிட்ட மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

கவிதாவுக்கு அழுகை வந்தது. அழுதால் கோபம் கரைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

"இது கொஞ்ச நேரத்துக்குத்தான்" என்றாள் டாக்டர். "இவங்களை இன்னிக்கே சேலத்துல அட்மிட் பண்ணணும். எங்க வண்டியிலேயே கூட்டிட்டுப் போறோம். நீங்களும் கூட வாங்க."

"நான் எப்படிங்க வர்றது? ஆட்டுக்குத் தழை ஒடிக்கோணும்" என்றாள் பாப்பாத்தி.

"ஆடு ஒரு நாளைக்குப் பட்டினி கெடந்தா ஒண்ணும் ஆகாது. நீங்க கெடந்தா ஆயிரும்" என்றாள் கவிதா. "அண்ணனுக்கு நான் போன் பண்றேன். பேசாம உக்காருங்க."

மரியதாஸ் வேன் படியருகே வந்தார். சிரிப்பைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டிருந்தார். "மேடம், இது எஸ்டேட்டுக்குள்ள நடந்ததுன்னு வெளியில போக வேண்டாமே. அந்தம்மாவுக்கு ஊட்டுல விறகடுப்புதான். அந்தப் புகையாக்கூட இருக்கலாம்."

"இருக்கலாம்" என்றாள் டாக்டர். "அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்தோம். நீங்க அனுப்பினவங்களை வெச்சு அதைக் கண்டுபிடிக்க முடியாது, சார். நாளைக்கு மறுபடி வருவேன். குடோன்ல வேலை செய்யற எல்லாரும் இங்க இருக்கணும். இந்த ரெண்டு பேருக்கும் வேலை இல்லைன்னு யாராவது சொன்னதா என் காதுக்கு வந்தா, உங்க மேனேஜர்கிட்ட நானே பேசறேன்."

மரியதாஸ் படியை விட்டு விலகினார். பின்னாலிருந்து சின்னராஜ், "எனக்கும் இருமல் இருக்குதுங்க டாக்டரம்மா, நாளைக்கு நான் மொத ஆளு" என்றான். காதில் பஞ்சு இன்னும் இருந்தது.

வேன் கிளம்பியது. பாப்பாத்தி கவிதாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள், ஆனால் மூச்சு ஓடியது. வழிநெடுக அதையே கவிதா எண்ணாமல் எண்ணிக்கொண்டு வந்தாள். ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று ஆறவில்லை.

முன் சீட்டிலிருந்து டாக்டர் திரும்பினாள். "ஆசிர், இந்த அக்கா பேரை லிஸ்டுல இருந்து எடுத்துடாதீங்க. ஊத முடியலைங்கறதையே எழுதிச் சேருங்க."

ஆசிர் லேப்டாப்பைத் திறந்து பார்த்தான். கொஞ்ச நேரம் தட்டினான். பிறகு தலையைச் சொறிந்தான். அவன் குரலில் கள்ளம் துளியும் இல்லை.

"அதை எழுத இதுல இடமே இல்லைங்க மேடம். அதுவும் இவங்களுக்கு மட்டும் எதுக்கு? இதுவரைக்கும் போன அத்தனை எஸ்டேட்லயும் இருமுனவங்களை எல்லாம் இப்படித்தானே அழிச்சுட்டு வந்தோம்?"